கொல்லைப்புற வழியாக நீலகிரி

பிளாட்பாரத்தில் நிற்கிற கூட்டத்தை விடுங்கள். நாம் தண்டவாளத்தின் கடைசிப் பக்கம் போகிறோம். அனுமதி வாங்கியாயிற்று, "ஓரமா நின்னு பாத்துக்கோங்க" என்று அதிகாரியும் சொல்லிவிட்டார். மேட்டுப்பாளையத்தில் இன்னும் சரியாக விடியவில்லை. காலை 7.10-க்கு ஊட்டிக்குக் கிளம்ப வேண்டிய மலை ரயிலின் நீராவி இஞ்சின், வயிற்றுக்குள் தீயை வைத்துக்கொண்டு முனகியபடி நிற்கிறது.

நீலகிரிக்கு முன்வாசல் வழியாக எல்லோரும் போய் வந்திருக்கிறோம். படகு இல்லம், தொட்டபெட்டா, சாக்லேட், வர்க்கி, ஒரு சீசா யூகலிப்டஸ் தைலம். எனக்கு ரொம்ப நாளாக வேறோர் ஆசை. அந்த மலையைத் தினமும் நமக்காகத் தயார் செய்கிறவர்கள் இருக்கிறார்களே, தீ மூட்டுகிறவர்கள், களி கிண்டுகிறவர்கள், புல் அறுக்கிறவர்கள், அவர்கள் வேலை பார்க்கிற இடத்துக்கே போய் நிற்க வேண்டும். இந்த முறை கதவு திறந்துவிட்டது! வாங்க, சேர்ந்தே போவோம். எண்ணெய்க்கறை ஒட்டும், வெள்ளை உடுப்பு வேண்டாம்.

இஞ்சினை நெருங்கியதும் மூக்குக்கு மூன்று வாசனை வருகிறது. காய்ந்த எண்ணெய், நனைந்த இரும்பு, கூடவே சாம்பார். சாம்பார் எங்கிருந்து என்று எட்டிப் பார்த்தால், பாய்லரை ஒட்டிய விளிம்பில் ஃபயர்மேனின் தூக்குவாளி உட்கார்ந்திருக்கிறது. "குன்னூர் போற வரைக்கும் சூடு ஆறாது அம்மணி. எங்களுக்கு எதுக்கு ஹாட்பாக்ஸ்?" என்கிறார் அவர், முகத்து வியர்வையைத் தோள்துண்டில் ஒற்றிக்கொண்டே. வெளியே குளிர். அவர் நிற்கிற அந்த நாலடி இடத்தில் மட்டும் சித்திரை வெயில்.

சாவியைத் திருகினால் கிளம்புகிற வண்டியில்லை இது. தண்ணீர் கொதித்து நீராவி சேர மணிக்கணக்காகும். பயணிகள் லாட்ஜில் புரண்டு படுக்கிற நேரத்தில் இவர்களுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். ஒருவர் நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குடுவையோடு சக்கரங்களுக்கு நடுவே குனிந்து மூட்டு மூட்டாக எண்ணெய் விடுகிறார். விட்ட இடத்தை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்கு நகர்கிறார். இன்னொருவர் ஒரு போல்ட்டைச் சுத்தியலால் தட்டுகிறார், காதைச் சாய்த்துக் கேட்கிறார், திரும்பத் தட்டுகிறார். "சத்தம் சரியா வருது," என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார். எனக்கு எல்லாத் தட்டலும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் ஏறிவந்த பாதை. 46 கிலோமீட்டருக்குள் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. இதெல்லாம் பலகையில் எழுதியிருக்கிறது, யாரும் படித்துக்கொள்ளலாம். பலகையில் இல்லாத ஒன்றை எனக்குச் சொன்னவர் பிரேக்ஸ்மேன்.

மலையேறும்போது இஞ்சின் ரயிலை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆக, ஓட்டுநருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. பாறை விழுந்திருக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா, யானை நிற்கிறதா என்று பார்ப்பதெல்லாம் ஒவ்வொரு பெட்டியின் முன்திண்ணையிலும் நிற்கிற பிரேக்ஸ்மேன்கள்தான். முதல் பெட்டிக்காரர் கொடி காட்டுவார், அடுத்தவர் அதை வாங்கிக் காட்டுவார், இப்படிக் கைமாறிக் கைமாறி ஓட்டுநருக்குச் சேதி போய்ச் சேரும். "டிரைவருக்குக் கண்ணு நாங்கதான். அவரு தள்ளுவாரு, நாங்க வழி சொல்லுவோம்," என்றார். "வீட்டிலயும் அப்படித்தானா?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற சகா, "வீட்டுல இவரு பின்னாடி இருந்து தள்ளுறவரு," என்று போட்டுக்கொடுத்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் விசில் ஊதிவிட்டது.

கல்லாறு தாண்டியதும் உடம்பு ஒரு குலுக்கலில் தெரிந்துகொள்கிறது. தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை ஆரம்பிக்கிறது. இஞ்சினுக்கு அடியில் இருக்கிற பற்சக்கரம் அதில் கடித்துப் பிடித்துக்கொண்டு ஏறும். ஏறத்தாழ பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயர்கிற ஏற்றம். பெட்டிக்குள் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே அருவியைப் பார்த்துக் கத்துகிறார்கள். நான் பிரேக்ஸ்மேனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருவியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரும்பு பிரேக் சக்கரத்தில் கை, பாதையில் கண், வாயில் வெற்றிலை. உள்ளங்கை காய்த்துப் போயிருக்கிறது. ஹில்குரோவில் இஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றபோதுதான் கையை உதறிக்கொண்டு இறங்கினார். அங்கே குரங்குகளின் ராஜ்ஜியம். "ஒருதரம் என் பச்சைக் கொடியையே தூக்கிட்டுப் போய் மரத்துல உக்காந்துக்கிச்சு. கிளம்புங்கடான்னு அது கொடி காட்டுது, நாங்க கீழ நிக்கிறோம்," என்று அவர் சொல்லும்போது டீ கிளாஸ் அவர் கையிலேயே குலுங்கியது.

குன்னூரில் பயணிகளுக்கு வடை, நமக்கு ஷெட். நீராவி இஞ்சினை இங்கே கழற்றிவிட்டு, ஊட்டிக்கு டீசல் இஞ்சின் மாட்டிவிடுகிறார்கள். கழற்றிய இஞ்சின் பணிமனைக்குள் போகும். நாமும் அதன் பின்னாலேயே போய்விடுவோம்.

உள்ளே என்ன இரைச்சல்! தரையெல்லாம் எண்ணெய் பூசிய மினுமினுப்பு. ஒரு மூலையில் கழற்றிய பற்சக்கரங்கள், இன்னொரு மூலையில் குடைகள், சுவரில் சாக்பீஸால் எழுதிய கணக்குகள், அதற்கு மேலே மாலை போட்ட சாமி படம். குழிக்குள் இறங்கி இஞ்சினின் வயிற்றைப் பார்க்கலாம் என்று சொன்னார்கள். இறங்கினேன். தேய்ந்த பல் எது, புதுப் பல் எது என்று டார்ச் அடித்துக் காட்டினார் ஒரு பெரியவர். எந்தக் கடையிலும் கிடைக்கிற உதிரிபாகம் இல்லை. திருச்சி பொன்மலைப் பணிமனையிலிருந்து வர வேண்டும். அங்கேயே புது நீராவி இஞ்சின்களையும் செய்து அனுப்புகிறார்கள். பாகம் வந்து சேரும் வரைக்கும் அரம், சுத்தியல், பொறுமை.

டீ வந்தது. பேச்சு சினிமாவுக்குப் போயிற்று; ஷெட்டில் பேச்சு எப்போதும் அங்கேதான் போகுமாம். 'மூன்றாம் பிறை'யில் கேத்தி ஸ்டேஷன், 'உயிரே'யில் ரயில் மேல் ஆட்டம். பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "மேல ஆடினவங்களை ஊரே பாத்துச்சு. கீழ வண்டிய ஓட்டினது யாருன்னு யாராச்சும் கேட்டீங்களா?" அந்தக் கேள்விக்காகவே நான் குன்னூரில் இறங்கியிருக்கலாம்.

ஊட்டி தாவரவியல் பூங்காவை ஒரே ஓட்டமாகக் கடந்துவிடுவோம். மே மாத மலர்க் கண்காட்சியில் பூவைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பல மாதம் முன்பே நாற்றங்காலில் முட்டி போட்டு உட்கார்ந்து, விரல்நுனி அளவு நாற்றைத் தொட்டியில் நடுகிற பெண்களைப் பார்த்திருக்க மாட்டீர்கள். "பூ வந்தப்புறம் எல்லாரும் போட்டோ எடுக்கிறாங்க. இப்ப எடுங்க," என்று ஒரு அக்கா மண்கையோடு போஸ் கொடுத்தார். எடுத்தேன். தொட்டிகள் வரிசை வரிசையாக, ஒரு மொட்டுகூட இல்லாமல், சின்னச் சின்னப் பச்சைக் காதுகள் மட்டும். கண்காட்சியை விட இந்தப் படம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பூங்காவுக்கு மேல்பக்கம் ஏறினால் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து ஒன்று இருக்கிறது. திண்ணையில் மூன்று பெண்கள் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பும் கறுப்பும் நூல். 'பூத்துக்குளி' என்கிற அந்தப் போர்வையைக் கடையில் மடித்து வைத்துப் பார்த்திருக்கிறேன். மடியில் பிறக்கிறபோது பார்ப்பது வேறு. பென்சில் கோடு இல்லை, சட்டம் இல்லை. துணியில் ஊடும் பாவுமாக ஓடுகிற இழைகளை எண்ணி எண்ணி ஊசியை நுழைக்கிறார்கள். உதடு அசைந்துகொண்டே இருக்கிறது. நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். நடுவில் இருந்த அம்மா ஊசியை உயர்த்தி என்னை நிறுத்தினார். வரிசை முடிந்ததும், "இப்ப கேளும்மா. நடுவுல பேசினா எருமைக்கு ஒரு கொம்பு குட்டையாயிரும்," என்றார்.

எருமைக் கொம்பு அவர்களுடைய வடிவங்களில் ஒன்று. துணியைப் புரட்டிக் காட்டினார். ஒரு பக்கம் மழமழவென்று இருக்கிறது, இன்னொரு பக்கம் நூல் மேலெழும்பிச் சொரசொரக்கிறது. மழமழப்புதான் மேல்பக்கம் என்று நான் கை வைத்தேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டி மறுத்தார்கள். சொரசொரப்பான பக்கத்தைத்தான் வெளியே தெரியும்படி போர்த்துவார்களாம். இந்த வேலைப்பாட்டுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கேட்டதற்கு, "ஆமா, சர்டிபிகேட் இருக்கு. கண்ணாடிதான் மாத்தணும், நம்பர் கூடிப்போச்சு," என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார் மூத்தவர்.

கொஞ்சம் தள்ளி ஓர் இளைஞர் போன் பேசிக்கொண்டிருந்தார். புல் எங்கே கிடைக்கும் என்று யாரிடமோ விசாரிக்கிறார். தோடர்களின் கோயிலுக்கு வளைந்து இறங்குகிற கூரை. மூங்கிலும் பிரம்பும் வைத்துக் கட்டி, மேலே புல் வேய்வார்கள். பழைய வீடுகளும் அதே அமைப்புத்தான், வாசல் அவ்வளவு தாழ்வு, தவழ்ந்துதான் போக முடியும். கூரை மாற்றும் வேலை ஆண்களுடையது, அதற்குரிய விரத நியமங்கள் உண்டு, பெண்கள் கோயில் பக்கம் போகக் கூடாது. ஆகவே வேய்கிற காட்சியை எனக்கு அவர் வாயால்தான் பார்க்கக் கிடைத்தது. யார் கூரை மேல், யார் கீழே நின்று கட்டு வீசுவது, யார் சும்மா நின்று யோசனை சொல்வது என்று நடித்தே காட்டினார். யோசனை சொல்பவர்கள்தான் அதிகமாம்.

பிறகு முகம் மாறிவிட்டது. அந்தப் புல் முளைக்கிற சதுப்புகளும் புல்வெளிகளும் சுருங்கிக்கொண்டே வருகின்றன. பழைய நாளில் மலையெங்கும் புல்வெளிதான். மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. புல்வெளியைத் தரிசு என்று நினைத்துச் சீகை மரமும் யூகலிப்டஸும் நட்டு நிரப்பினார்கள். எருமைக்கு மேய்ச்சல் குறைந்தது, சாமிக்குக் கூரை குறைந்தது. ஒரு கட்டுப் புல்லுக்கு எத்தனை தூரம் நடக்கிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்குத் தாங்கவில்லை. மலையைப் பச்சையாக்குகிறோம் என்று சொல்லியே மலையின் பச்சையை எடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர் போனை வைக்கிறபோது உற்சாகமாகிவிட்டார். புல் இருக்கிற இடம் தெரிந்துவிட்டது! "மொற்பர்த் பண்டிகைக்கு முத்தநாடு மந்துக்கு வாங்க, இளவட்டக்கல் தூக்குவேன்," என்று தோளைத் தட்டினார். டிசம்பர், ஜனவரியில் அந்தப் பண்டிகை. "போன தடவை தூக்கினியா?" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல். அவர் அவசரமாக இன்னொரு போன் போடப் போய்விட்டார்.

பைக்காரா, நடுவட்டம், கூடலூர். குளிர் குறையக் குறைய ஸ்வெட்டர் பைக்குள் போகிறது. கூடலூர்ப் பக்கம் நான் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்த ஒரு பட்டறை இருக்கிறது. வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டேன்: முற்றத்தில் ஒரு யானை. ஆளுயரத்தைத் தாண்டிய, தும்பிக்கையைத் தூக்கிய, உடம்பு பாதி முடிந்த யானை. வயிற்றுக்குள்ளிருந்து ஒருவர் தலையை நீட்டி, "அந்த ஆணி டப்பாவ எடுங்கக்கா," என்றார்.

முழுக்க உண்ணிச்செடிக் குச்சி! இந்தச் செடியை உங்களுக்குத் தெரியும். ஆரஞ்சும் மஞ்சளும் ரோஸுமாகக் கொத்துப் பூ, கசக்கினால் ஒரு காட்டமான வாசனை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் அலங்காரத்துக்கென்று இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் போயிற்று. முதுமலையில் இன்று அது மண்டிய இடத்தில் புல் முளைப்பதில்லை, மானுக்கு மேய்ச்சல் இல்லை, யானைக்கு வழி இல்லை. அந்தச் செடியை வெட்டி எடுத்து, கொப்பரையில் வேகவைத்து, பட்டையை உரித்து, சூடு ஆறுவதற்குள் இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்து அடித்து யானை செய்கிறார்கள். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் பழங்குடியினரின் கைகள். ஒவ்வோர் உருவமும் காட்டில் உண்மையாகவே நடமாடுகிற ஒரு யானையைப் பார்த்துச் செய்தது. இந்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் கூட்டமாக நின்றன. 2024-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. செடி வந்த திசைக்கே திரும்பிப் போயிருக்கிறது, யானையாகி.

ஆனால் நான் அங்கே ஒட்டிக்கொண்டு நின்றது ஒரு காது விஷயத்துக்காக. செய்கிறவர்கள் இரண்டு பேருக்குள் வாக்குவாதம். இடது காதின் மடிப்பு உள்நோக்கியா, வெளிநோக்கியா? ஒருவர் போனில் இருக்கிற படத்தைக் காட்டுகிறார். மற்றவர் படத்தைப் பார்க்கவே மறுக்கிறார். "போட்டோ என்ன போட்டோ. நேத்து எங்க வீட்டு வாழையைத் தின்னுட்டு நின்னான், நான் நேருல பாத்தேன். உள்ளதான் மடிஞ்சிருக்கு." வாழை போன வருத்தம் அந்தக் குரலில் கொஞ்சம்கூட இல்லை, காது சரியாக வர வேண்டும் என்கிற பிடிவாதம் மட்டும்தான். அடித்த குச்சிகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி அடித்தார்கள். வயிற்றுக்குள் இருந்தவர் வெளியே வந்து, தள்ளி நின்று பார்த்து, "இப்பதான் அவன்," என்று சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இனி தெப்பக்காடு. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள், மாயாற்றங்கரையில், நூற்றாண்டை ஒட்டிய யானைகள் முகாம். 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் 2023-இல் ஆஸ்கர் வாங்கியதிலிருந்து எல்லோருக்கும் இந்த இடம் தெரியும். பொம்மனும் பெள்ளியும் ரகு, அம்மு என்கிற யானைக்குட்டிகளை வளர்த்த இடம். கூட்டம் மாலையில் தடுப்புக்கு வெளியே நின்று யானைகள் சாப்பிடுவதைப் பார்க்கும். நாம் காலையிலேயே வந்துவிட்டோம், நேராக அடுப்படிக்கு.

கல்யாண வீட்டுக் கொட்டகை அடுக்களைக்குள் முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி நுழைந்திருக்கிறீர்களா? அதேதான். புகை, அண்டா, அதட்டல், யாரோ தேடுகிற கரண்டி. பந்திக்கு உட்காரப் போகிறவர்கள் மட்டும் நாலு கால்காரர்கள். ஒரு அண்டாவில் ராகிக் களி. துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பை வளைத்துக் கிண்டுகிறார் ஒருவர். முழங்கை வரைக்கும் வியர்வை ஓடுகிறது. இன்னொன்றில் கொள்ளு வெந்துகொண்டிருக்கிறது, அந்த வாசனையிலேயே நமக்குப் பசிக்கிறது. தனியாகச் சோறு. பக்கத்தில் வெல்லம், உப்பு, தாது உப்புப் பொடி. சுவரில் பட்டியல்: எந்த யானைக்கு எது எத்தனை கிலோ என்று. கால்நடை மருத்துவர் எடை பார்த்து, வயது பார்த்து எழுதிக்கொடுத்த அளவு. தமிழக முகாம்களில் இந்த மாதிரிக் கவனிப்பை ஊன்றியவர்களில் ஒருவரான டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை, ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை வழியாக நாம் எல்லோரும் அறிவோம். இங்கே சமையல்காரருக்குப் பட்டியல் தேவைப்படவே இல்லை. பெயரைச் சொன்னால் கை தானாக அளக்கிறது. "அந்தப் பாட்டிக்குப் பல்லு தேஞ்சு போச்சு, குழைய வேகணும். இந்தப் பயலுக்கு வெல்லம் கம்மி, டாக்டர் திட்டுவாரு." யார் பாட்டி, யார் பயல் என்று எனக்குத் தெரிய ஒரு மணி நேரம் ஆயிற்று.

களி ஆறியதும் கவளம் பிடிக்கிறார்கள். பாகனும், அவருக்குத் துணையாக இருக்கிற காவடியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, தலையளவு உருண்டை. ஒன்றின் நடுவில் மாத்திரையை ஒளித்து வைத்தார் ஒரு காவடிப் பையன். ஒளித்த இடம் தெரியாமல் இருக்க மேலே வெல்லத்தை அழுத்தினார். யானை வாயைத் திறந்தது, வாங்கியது, மென்றது, எல்லாம் உள்ளே போயிற்று. மாத்திரை மட்டும் தனியாகத் தரையில் விழுந்தது! பாகன் அதை எடுத்துத் துடைத்தபடி யானையிடம் குறும்பர் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "டாக்டர்கிட்ட நீயே பதில் சொல்லிக்கோன்னேன்." மறுபடியும் வேறொரு கவளம், இந்த முறை நடுவில் வாழைப்பழம், பழத்துக்குள் மாத்திரை. பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே போய்விட்டது. எல்லோரும் கைதட்டினோம்.

இவர்களுக்கு நாள் தொடங்குவது அடுப்படியில் இல்லை, காட்டில். ராத்திரி மேயவிட்ட யானைகளை விடியலில் தேடிக் கூட்டிவர வேண்டும். காலில் கட்டிய சங்கிலி இழுபட்ட தடத்தைப் பார்த்துக்கொண்டே போவார்கள். வழியில் புலி இருக்கலாம், கரடி இருக்கலாம், காட்டு யானை நிச்சயம் இருக்கும். காட்டுக் கொம்பன்கள் முகாமின் பெண் யானைகளைத் தேடி வருவது இங்கே பழைய கதை. முகாமில் பிறந்த குட்டிகளுக்கு அப்பாக்கள் காட்டில்தான். "சம்பந்தி வீட்டுக்காரன் நிக்கிறான்னா நாங்க தூரமா நின்னு காத்திருப்போம். அவன் கிளம்பினாத்தான் நம்ம பொண்ண கூப்பிட முடியும்," என்று ஒரு பாகன் சொன்னபோது, குரலில் மரியாதை இருந்தது, பயமும் இருந்தது.

குளியலுக்கு மாயாற்றில் இறங்கியதும் வேட்டியை மடித்துக் கட்டுகிறார்கள், யானை தானே ஒருக்களித்துப் படுக்கிறது. காதுக்குப் பின்னால், வால் அடியில், நக இடுக்கில் எல்லாம் தேய்த்து முடிக்கிறபோது மனிதர்தான் முழுதாக நனைந்திருப்பார். தேய்க்கிற சாக்கில் உடம்பு முழுக்கக் கை போய்விடுகிறது. காயம், வீக்கம், ஒட்டுண்ணி எதுவும் தப்பாது. "தண்ணியில பேசிக்கிட்டே தடவினா எங்க வலிக்குதுன்னு அவளே காட்டுவா," என்று பெரிய பாகன் ஒருவர் காட்டினார். யானை காலைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டது. குனிந்து பார்த்தார். பாதத்தில் ஒரு முள்.

மத்தியானத்தில் வேட்டைத்தடுப்புக் காவலர்கள் இரண்டு பேர் வந்து நிழலில் உட்கார்ந்தார்கள். காட்டுக்குள் மரத்தில் கட்டிய தானியங்கி கேமராக்களின் கார்டுகளை எடுத்து வந்திருக்கிறார்கள். புலியின் இரண்டு பக்கத்து வரிகளும் ஒன்றாக இருக்காது என்பதால், பாதைக்கு இரு புறமும் ஜோடியாகக் கேமரா கட்டுவார்கள். லேப்டாப்பில் படங்கள் ஓடின. மான், மான், மயில், ஆடுகிற கிளை, காவலரின் முழங்கால், மறுபடி முழங்கால், செந்நாய்க் கூட்டம், கேமராவையே முகர்ந்து பார்த்த யானையின் தும்பிக்கை ஓட்டை. "உன் முழங்காலுக்கே ஒரு ஃபோல்டர் போடலாம்டா," என்று கிண்டல் செய்துகொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். புலி. விடியற்காலை, பாதையின் நடுவில், ஈர மண்ணில் கால் வைத்தபடி. அவர்கள் தலைகளை ஒட்டிக்கொண்டு வரிகளைப் பார்க்கிறார்கள், பழைய ஆளா புது ஆளா என்று. கார்டை எடுக்க அவர்கள் அதே பாதையில் நடந்து போனது அதற்குச் சில மணி நேரம் கழித்து. அதைப் பற்றி அவர்கள் ஒன்றும் பேசவில்லை. நான் கேட்டதற்கு, "அது அது வேலையப் பாக்குது," என்றார் ஒருவர்.

சாயங்காலம் தடுப்புக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. குழந்தைகள் தோளில், போன்கள் உயரத்தில். யானைகள் வரிசையாக வந்து உணவு மாடத்தின் முன்னால் நின்றன. "அம்மாடி, எவ்வளவு பெரிய உருண்டை!" என்று யாரோ கத்தினார்கள். எனக்கு அந்த உருண்டையைப் பிடித்த கைகளைத் தெரியும், பாட்டியின் களி ஏன் இளகி இருக்கிறது என்று தெரியும். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துக்கு அதையெல்லாம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வீட்டுப் பாப்பா மாத்திரைக் கதையைக் கேட்டுவிட்டு, "நானும் அப்படித்தான் துப்புவேன்," என்றது.

கூட்டம் கலைந்தது. அண்டாக்கள் கவிழ்ந்தன, தேங்காய் நாரும் சாம்பலுமாகத் தேய்க்கிற சத்தம். சமையல்காரர் இடுப்பில் கை வைத்து நின்று என்னைப் பார்த்தார். "காலையிலிருந்து கேள்வியா கேட்டீங்க. நாளைக்குக் கொள்ளு ஊறப்போடணும், மூட்டைய இறக்க ஆளு வேணும்." காவடிப் பையன் அதற்குள் ஒரு முனையைத் தூக்கிவிட்டான். நான் மறு முனையில் மூட்டையின் காதைப் பிடித்துக்கொண்டேன்.